மரத்தின் மறுமுனை

“கயித்தானை மூணு தடவ மன்னிச்சிட்டேன் உபதேசியாரே. மூணு தடவையும் விடிஞ்சு பாத்தா மன்னிப்பைக் காணல.”

தொம்மை இதைக் கோயில் வாசலில் நின்றுகொண்டு சொன்னார். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார்.

உபதேசியார் இன்னாசி அவரைவிட இருபது வயது இளையவர். செம்மணல் தேரிக்காட்டுப் பக்கமிருந்து ஜெபம் சொல்லிக்கொடுக்க வந்தவர். கடலில் கால் நனைக்கவே யோசிப்பார், மீன் பெயர் நாலுகூடத் தெரியாது. ஆனாலும் மனசு குழம்பினால் ஊர் அவரிடம்தான் போகும். அது ஏனென்று அவருக்கே விளங்கியதில்லை.

தொம்மையின் குழப்பம் ஊருக்கே தெரிந்ததுதான். போன ஆடியில் காற்று சரியில்லை என்று எல்லாரும் கரையில் இருந்த நாளில், அவருடைய கூட்டாளி கயித்தான், ஒன்றும் ஆகாது வா என்று அவர் மகன் சிலுவையைக் கடலுக்குக் கூட்டிப்போனான்.

கயித்தான் திரும்பி வந்தான். சிலுவை வரவில்லை.

அதற்குப் பிறகு கயித்தானோடு யாரும் கடலுக்குப் போவதில்லை. தொம்மை யாரோடும் போவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை மன்னித்தார். பெரிய வெள்ளியன்று ஒரு தடவை. நேற்று ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அழுது, மனசாரத்தான் மன்னித்தார். மறுநாள் கயித்தானின் முதுகைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. ஜெபத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்று வரும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கடவுள் முன்னால் நின்று பொய் சொல்வதைவிட, கோயிலுக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்றிருக்கிறது அவருக்கு.

“எம் மன்னிப்பு பொய்யா, இல்ல விசுவாசமே பொய்யா? ரெண்டுல ஒண்ணச் சொல்லும். நான் போயிருதேன்.”

உபதேசியார் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்போதுதான் வந்து சேர்ந்த இரண்டு பேர், தங்கள் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, வந்த நாள்ல இருந்து கேக்கணும்னு இருக்கேன். காலையில பாடுபட்டுக் கட்டுதாங்க. வந்ததும் அவுத்துப் போடுதாங்க. ஒழுங்கா ஒரு தடவ கட்டினாப் போதாதா?”

தொம்மைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் கேட்டது என்ன, இந்த ஆள் கேட்கிறது என்ன. ஆனாலும் கடலைப் பற்றிக் கேட்டால் கடல்காரன் வாய் சும்மா இருக்குமா? அவிழ்த்துக் காயப்போடாவிட்டால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், கயிறு அழுகிவிடும், ஒரு நாள் நடுக்கடலில் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அப்ப, நேத்துக் கட்டினது சரியில்லன்னு இன்னைக்குத் திரும்பக் கட்டல?”

“யாரு சொன்னா சரியில்லன்னு? நேத்துக் கட்டு நேத்தைக்கு. கடலுக்குப் போறவன் தெனமும் புதுசாக் கட்டித்தான்…”

தொம்மை நிறுத்திக்கொண்டார்.

உபதேசியார் அதைக் கவனித்தாரோ இல்லையோ, மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் தொம்மை கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனார். மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். பத்து மாதமாக மணலில் கிடந்த தன் மரத்தின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனை அசையவில்லை.

கொஞ்ச தூரத்தில் கயித்தான் உட்கார்ந்திருந்தான். தினமும் அங்கேதான் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

தொம்மைக்கு வயிறு எரிந்தது. நேற்றைவிட இன்று ஒரு துளிகூடக் குறையவில்லை. அப்படியிருந்தும் எப்படித் தன் வாய் திறந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

“அந்த முனையப் பிடி.”

கயித்தான் ஓடிவந்து பிடித்தான். மரங்களைச் சேர்த்து வைத்து அவன் முடிச்சுப் போட்டான். தொம்மை அதே முடிச்சை இன்னொரு தடவை இழுத்து இறுக்கினார். இருவரும் கடலுக்குப் போனார்கள்.

மத்தியானம் கரைக்கு வந்து, கயிற்றை அவிழ்த்து, மரங்களை உருட்டிப் போட்டார்கள். கயித்தான் தலை நிமிராமல் கேட்டான்.

“நாளைக்கும் வரட்டுமா அண்ணே?”

தொம்மை கயிற்றை உதறி வெயிலில் விரித்தார்.

“தெரியல. கட்டும்போதுதான் தெரியும். நீ வெள்ளனே வந்து நில்லு.”