மாசானம் தனியாக இருந்த கதை

ஊமத்தங்குளத்துக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் போதும், சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். சொன்னவருக்குத்தான் அப்புறம் தூக்கம் வராது.

கொரோனா காலத்தில் அந்த ஊர் மாசானத்துக்குக் காய்ச்சல் அடித்தது. அவனுக்கு நாற்பது வயசு. ஊர் ஊராகப் பெண் தேடி அலைந்து, கடைசியில் உள்ளூர் முப்பிடாதிதான் பாவம் பார்த்துச் சரியென்றிருந்தாள். அடுத்த வாரம் கல்யாணம். அந்த நேரம் பார்த்தா காய்ச்சல் வரவேண்டும்?

நர்ஸ் ஜெபராணி வந்து பார்த்தார். "இவரை ஒரு வாரம் தனியா வையுங்க. காய்ச்சல் விட்டாத்தான் கல்யாணம். இல்லன்னா தள்ளிப்போட வேண்டியதுதான்."

மாசானம் அழுதேவிட்டான். ஊரே சேர்ந்து அவனை மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது.

சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பது நர்ஸம்மா உத்தரவு. சோறு கொண்டுபோன கொம்பையா அப்படியே செய்தான். சோற்றை நாய் தின்றது. கொம்பையாவுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் திரும்பிப் பார்க்கவில்லையே.

பசி பொறுக்காமல் மாசானம் ஜன்னல் வழியாகக் கத்தினான். ஊர்த்தலைவர் சிவனணைஞ்சான் கூட்டம் போட்டார்.

"சோறு கிடக்கட்டும்வே. அவன் உள்ள தனியாத்தான் இருக்கானான்னு யாருக்குத் தெரியும்? நர்ஸம்மா கேட்டா என்ன பதில் சொல்ல?"

"நான் உள்ள போயி இருந்து பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. சோத்தையும் கையோட கொண்டுபோயிருதேன்" என்றான் கொம்பையா.

"நீ சரியாப் பாக்கியான்னு யாரு பாக்க?"

நியாயமான கேள்விதான். கொம்பையாவைப் பார்க்க அவன் மச்சான் போனான். மச்சான் தூங்கிவிட்டால் எழுப்ப அவன் பெண்டாட்டி போனாள். அவளுக்குப் பேச்சுத்துணைக்குத் தெருப் பெண்கள் போனார்கள். இத்தனை பேர் உள்ளே இருக்க, தலைவர் வெளியே இருந்தால் மரியாதையாகவா இருக்கும்? பாயைச் சுருட்டிக்கொண்டு அவரும் போய்விட்டார்.

மாஸ்க்கைக் கழற்றக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கஞ்சியை மாஸ்க் மேலேயே ஊற்றிக் குடித்தார்கள். "வடிகட்டி உள்ள போகுது, உடம்புக்கு நல்லது" என்றார் தலைவர். மாசானத்திடமிருந்து ஆறடி தள்ளி இருக்கணுமாம். அவனை நடுவில் உட்காரவைத்து, ஆறடி விட்டு, மிச்ச இடத்தில் ஊரே ஒருத்தர் மடியில் ஒருத்தராக உட்கார்ந்துகொண்டது. காற்று புகுந்தால் நோயும் புகுந்துவிடுமே என்று ஜன்னலையும் சாத்திவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஜெபராணி வந்து கதவைத் தட்டினார்.

"உள்ள வராதீங்கம்மா" என்றது தலைவர் குரல். "மாசானம் தனியா இருக்கான். இந்த ஊரே சாட்சி."

சாட்சிகள் எல்லோரும் இருமினார்கள்.

கதவைத் திறந்து பார்த்த ஜெபராணி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒவ்வொருத்தராகச் சோதித்தார். அத்தனை பேருக்கும் காய்ச்சல். மாசானம் ஒருத்தன்தான் தேறியிருந்தான்.

"அப்ப கல்யாணம் உண்டாம்மா?" என்று கேட்டான்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. பொண்ணு எங்க?"

கரும்பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது. மாப்பிள்ளை நிஜமாகவே தனியாகத்தான் இருக்கிறானா என்று பார்க்க, முப்பிடாதி முதல் நாளே வந்து அங்கே ஒளிந்திருந்தாள்.

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜெபராணி பெருமூச்சு விட்டார். "இந்தப் பொண்ணையும் ஒரு வாரம் தனியா வைக்கணும்."

மாசானத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் பாயை எடுத்து முப்பிடாதிக்குப் பக்கத்தில் விரித்தான்.

"நீங்க கவலைப்படாமப் போங்கம்மா. அவ தனியாத்தான் இருக்காளான்னு நான் கூடவே இருந்து பாத்துக்கிடுதேன்."