அமுதவல்லி முட்டையிட்ட வாரம்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். எந்த இடம் என்று இப்போதே சொல்ல மாட்டேன். எங்கள் மொட்டை மாடியில் ஒரு தக்காளிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஒரு சிரிப்புக்கு நீங்கள் காத்திருக்க மாட்டீர்களா? நடுவில் உரத்தொட்டி, காய்கறித் தோல், பசலைக்கீரை எல்லாம் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது வாருங்கள்.

என் பெயர் வதனி. பத்தாம் வகுப்பு. குரல் மாற்றிக் கத்துவது என் கைவரிசை. தலைமையாசிரியையின் தும்மல், பக்கத்து வீட்டு மிக்சி, குக்கர் விசில் எல்லாம் வாயிலேயே வரும். என் விசிலை நம்பி அம்மா வேகாத பருப்பை எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறாள். ஆக, இந்த வீட்டில் மற்றவர்களை ஏமாற்றுகிற ஒரே ஆள் நான்தான் என்று ரொம்பப் பெருமையாக நம்பிக்கொண்டிருந்தேன். இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மதுரையில், வில்லாபுரத்தில். அப்பா ஞானசுந்தரம் மின்விசிறி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் தற்சார்பு வாழ்க்கைப் பயிற்சி முகாம் என்று ஏதோ ஒன்றுக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது தோளில் பச்சைத் துண்டு.

"இன்னையிலருந்து வெளிய இருந்து ஒரு துரும்பு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்றார், தொண்டையில் இல்லாத சளியைக் கனைத்து. "நமக்கு வேணும்கிறதை நாமளே விளைவிப்போம்."

அம்மாவின் தம்பி தனுஷ்கோடி மாமா கை தூக்கினார். வேலை தேடி எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். பிறகு தேடுவதையே வேலையாக்கிக்கொண்டார்.

"மச்சான், விளக்குமாறு தேஞ்சு போச்சு. அதுவே துரும்புதான். அதுக்கு என்ன பண்றது?"

அப்பா யோசித்தார். "தென்னை வைப்போம்."

பெயிண்ட் டப்பாவில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தோம். அது வளர்ந்து ஓலை விட்டு ஈர்க்கு தரும்வரை வீட்டைக் கூட்டுவதில்லை என்று ஏகமனதாக முடிவானது. அம்மாதான் எல்லாரையும்விடச் சந்தோஷமாகக் கை தூக்கினாள்.

முகாமில் சொன்னதை எல்லாம் சொன்னபடியே செய்தோம். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. 'குளிக்கிற தண்ணீர் வீணாகாமல் செடிக்குப் போகட்டும்' என்றார்களாம். மறுநாளே அப்பா சோப்பு டப்பாவும் துண்டுமாக மாடியேறி, தக்காளிப் பாத்திக்கு நடுவில் நின்று குளித்தார். எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். தக்காளி காய்த்தது, வாசனையாகவே காய்த்தது. ரசம் வைத்தால் கொதிக்கக் கொதிக்க நுரை வந்தது.

"சந்தன சோப்புக்கு மாறினா ரசம் இன்னும் கமகமன்னு இருக்கும்," என்றார் மாமா.

'காய்கறித் தோல்தான் மண்ணுக்கு நல்ல உணவு' என்றும் சொன்னார்களாம். எங்களிடம் மண் நிறைய இருந்தது, தோல் இல்லை. விளைந்ததில் பெரும்பகுதி கீரைதான். கீரைக்கு ஏது தோல்? அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "நாம திங்கிறமோ இல்லையோ, மண்ணு பட்டினி கிடக்கக்கூடாது," என்றாள். அதனால் மண்ணின் பங்குக்கு மட்டும் சட்டம் தளர்ந்தது. மாமா சந்தைக்குப் போய்ச் சுரைக்காய் வாங்கிவந்தார். தோலைச் சீவி உரத்தொட்டியில் போட்டோம். உள்ளே இருந்த சுரைக்காயை என்ன செய்வது? அது வெளியிலிருந்து வந்தது. நாங்கள் சாப்பிட்டால் சட்டமீறல். அதையும் தொட்டியில் போட்டுவிட்டு, கீழே வந்து கீரை சாப்பிட்டோம்.

சோறு எப்படி என்று கேட்பீர்கள். அரிசி மூட்டை சட்டத்துக்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது. மாமா சட்டத்துக்கு முன்பே வந்ததுபோல.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அப்பா ஒரு கோழி வாங்கிவந்தார். முதல் கோழி மட்டும் வெளியிலிருந்து வரலாம், மற்றதெல்லாம் அதற்குள்ளிருந்தே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. கூடையில் கிடந்த கோழிகளில் பெரிய கொண்டையும் மினுமினு வாலுமாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாராம்.

"பாரு, என்னா கம்பீரம்! நல்ல குடும்பத்துப் பெட்டை," என்றார்.

மாடியில் கூடு கட்டி, அமுதவல்லி என்று பெயர் வைத்தோம். அவளுக்கும் எனக்கும் பார்த்தவுடனேயே ஒட்டிக்கொண்டது. நான் என்ன குரலில் கத்தினாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பாள். இந்த வீட்டில் என்னை அடிக்காமல் கேட்கும் ஒரே ரசிகை.

ஆனால் முட்டை போடவில்லை. போடவே இல்லை.

அப்பாவின் முகம் இறுகியது. 'வீட்டிலிருக்கும் ஒவ்வோர் உயிரும் ஏதாவது ஒன்று தர வேண்டும்' என்பது முகாமின் தலையாய விதியாம். கூடத்தில் எங்களை உட்காரவைத்து விசாரணை நடத்தினார்.

"உங்கம்மா கீரை தர்றா. மாமா உரத்தொட்டி கிண்டுறான். வதனி, நீ சத்தத்தைத் தவிர எதுவும் தரல. சரி, நீ நாங்க பெத்த பிள்ளை, ஒண்ணும் பண்ண முடியாது. அமுதவல்லி என்ன தர்றா?"

அப்பாவே தொடர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வர்றாங்க. இலையில இருக்கிறது எல்லாம் நம்ம வீட்டு விளைச்சல்னு வாய்விட்டுட்டேன். அதுக்குள்ள முட்டை போட்டா ஆம்லெட். போடலைன்னா குழம்பு."

"எதுல குழம்பு?" என்றேன்.

அப்பா மாடியைப் பார்த்தார்.

மறுநாள் பள்ளி விட்டு வரும்போது கடையில் ஒரு முட்டை வாங்கினேன். வெள்ளை வெளேர் என்று இருந்ததால் டீத்தண்ணியில் ஊறப்போட்டு நாட்டு முட்டை நிறத்துக்குக் கொண்டுவந்தேன். கூட்டுக்குள் வைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டுமே, அந்தக் குரலில் கொக்கரித்தேன். நான் செய்ததிலேயே உயர்ந்த சாதனை அது.

மூன்று பேரும் தடதடவென்று மாடியேறி வந்தார்கள். அப்பா முட்டையை இரண்டு கையிலும் ஏந்தினார். அம்மா சூடம் கொளுத்தப் போய், சூடமும் வெளியிலிருந்து வரும் பொருள் என்பதால் வெறும் தட்டைச் சுற்றினாள். அமுதவல்லி எதுவும் புரியாமல் எல்லாரையும் பார்த்தாள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டோம்.

அடுத்த நாளும் ஒன்று வைத்தேன், கத்தினேன். அப்பா கூட்டுக்குள் கைவிட்டார். ஒன்று வந்தது. மறுபடி கைவிட்டார். இன்னொன்று வந்தது. அப்புறமும் வந்தது. நான்கு!

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் ஒன்று போக மிச்சமெல்லாம் அவள் போட்டது! என் கொக்கரிப்பைக் கேட்டுக் கேட்டே முட்டை போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் அவளுக்கு ஆசிரியை.

அந்த வாரம் முழுக்கத் தினமும் நான்கு. ஒன்று என்னுடைய பழுப்பு. ஒன்று பெரிதாக, லேசாக நீலம் பாய்ந்து. ஒன்று கோலிக்குண்டு அளவில் புள்ளி புள்ளியாக. ஒன்று வழக்கமான வெள்ளை. அத்தை வரும்வரை எதையும் உடைக்கக்கூடாது என்று அப்பா பானையில் சேர்த்துவைத்தார்.

"ஏன் ஒண்ணு இத்தனூண்டு இருக்கு?" என்றாள் அம்மா.

"கடைசியாப் போட்டிருப்பா. சரக்கு தீர்ந்திருக்கும்," என்றார் அப்பா.

"அந்தப் பெருசு?"

"அது மொதல்ல போட்டது," என்றார் மாமா. மூன்று பேரும் ஆழமாகத் தலையாட்டினார்கள். நானும்தான்.

இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. விடிந்தும் விடியாமலும் மாடியிலிருந்து 'கொக்கரக்கோ' என்று ஒரு கரகரத்த சத்தம். அம்மா தூக்கத்திலேயே என் மேல் தலையணையை எறிவாள்.

"வதனி! காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?"

"நான் இல்லம்மா!"

"வாயைத் தொறந்தாப் பொய்யி."

நான் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் யார்? எனக்குப் போட்டியாகக் கிளம்பும் துணிச்சல் யாருக்கு உண்டு? மாமாதான். அவர் படுப்பது மாடிப்படி ஓரம். பொறாமை! அதுவும் அரைகுறை வித்தை. கடைசி 'கோ'வில் மூச்சு நிற்கவில்லை. ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குச் சொல்வதுபோல் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மாமா, கடைசில தொண்டையை இறுக்காதீங்க. கழுத்தை நீட்டி, மெதுவா விடணும்."

மாமா என்னை வெகுநேரம் பார்த்தார். "நீ பண்றதுக்கு என்னைக் கேலி பண்றியா?" என்று எழுந்து போனார். ஆனால் அதற்கடுத்த காலை அந்தக் 'கோ' அருமையாக நின்றது. அறிவுரை வேலை செய்கிறது என்று திரும்பிப் படுத்தேன்.

ஞாயிறு வந்தது. பரமக்குடியிலிருந்து சௌந்தரம் அத்தையும் வந்தார். கையில் ஒரு டின் நிறைய முறுக்கு. அப்பா கேட்டிலேயே மறித்தார்.

"அக்கா, வெளிய இருந்து எதுவும் உள்ள வரக்கூடாது."

"நானே வெளிய இருந்துதாண்டா வர்றேன்!"

பெரிய சிக்கல். அத்தையை வெயிலில் நிறுத்திவைத்து விவாதித்தோம்.

"அவங்க இந்த வீட்டுலதானே பொறந்தாங்க?" என்றார் மாமா. "அப்ப நம்ம வீட்டு விளைச்சல். வரலாம்."

"அப்படிப் பாத்தா நீ வரக்கூடாதேடா," என்றார் அத்தை.

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். மாமா சட்டென்று கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நான் வெளிய இருந்து வந்த நாத்து. இங்க வேர் விட்டுட்டேன்," என்றார். ஏற்கப்பட்டது.

முறுக்குக்கு அப்படி எந்த வழியும் கிடைக்கவில்லை. ஆகவே அதை மதில்மேல் வைத்துவிட்டு, ஒவ்வொருவராகத் தெருவுக்குப் போய்த் தின்றுவிட்டு உள்ளே வந்தோம்.

இலை போட்டோம். பசலைக்கீரை மசியல், பசலைக்கீரைக் கூட்டு, நுரைக்கும் ரசம். ஆம்லெட் மட்டும் பாக்கி. அம்மா அன்றைய நான்கு முட்டைகளையும் எடுத்துவந்தாள். அத்தை தட்டில் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்.

"இது நாலும் ஒரே கோழி போட்டதா?"

"ஆமா," என்றோம் கோரஸாக.

"இது வாத்து முட்டை மாதிரி இருக்கே?"

"இல்லவே இல்ல," என்றாள் அம்மா, வேகமாக.

"இது காடை முட்டை."

"கோழிக்கு இன்னிக்குப் பசி இல்லக்கா," என்றார் அப்பா, இன்னும் வேகமாக.

அத்தை அந்த வெள்ளை முட்டையை எடுத்துக் கிண்ண விளிம்பில் தட்டினார். ஒன்றும் ஒழுகவில்லை. ஓட்டை உரித்தார். உள்ளே பதமாக வெந்த அவித்த முட்டை.

மாமா விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "மதுரை வெயில் அப்படி," என்றார். "மாடியிலேயே நிக்கிற ஜீவன். வயித்துக்குள்ளயே வெந்துருக்கும்."

அப்பா தலையாட்டினார். "அவிக்கிற கேஸ் மிச்சம். இதுதான் தற்சார்பு."

அத்தை எழுந்தார். "எங்கடா அந்தக் கோழி? எனக்கு அதைப் பாக்கணும்."

கையில் எடுத்த கவளத்தோடு எல்லாரும் மாடியேறினோம். அமுதவல்லி தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றிருந்தாள். கொண்டை வெயிலில் செக்கச் செவேல் என்று ஜொலித்தது. எங்களைப் பார்த்ததும் றெக்கையைப் படபடவென்று அடித்து, கழுத்தை நீட்டி, தொண்டையை இறுக்காமல், நான் மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே இழுத்து விட்டாள்:

"கொக்கரக்கோஓஓ!"

"வதனி, வாயை மூடு," என்றாள் அம்மா.

என் வாய் மூடித்தான் இருந்தது, உள்ளே கீரை. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா வாயிலும் கீரை. அவர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அடப் பாவிகளா," என்றார் அத்தை. "இது சேவல்டா!"

அப்பா பதறிப்போய் அத்தையின் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுக்கா. அதுக்கு இன்னும் தெரியாது. காதுல விழுந்தா முட்டை போடுறதை நிறுத்திடும்."

நியாயம்தானே? அம்மா தலையாட்டினாள். மாமா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. சேவல். நான் வைத்தது ஒன்று. அப்படியானால் மிச்சம்...

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் தலை பாதியில் நின்றிருந்தது. மாமாவின் தலையும். அப்பாவின் தலையும்.