சாம்பல் திரையில் விரல்கள்

தென்காசியில் ஒரு பாத்திரக் கடை. அதன் மாடியில் நீளமான ஓர் அறை. அந்த அறையில் உலகம்மாள் என்று ஓர் ஆசிரியை இருந்தார். வயது முப்பத்தைந்துக்குள். அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அங்கே நடந்த வேலை வீடியோவைச் சுருக்குவது. எடுத்த வீடியோ எடுத்தபடி இணையத்தில் போகாது, அவ்வளவு பெரியது. மடித்துச் சிறிதாக்கி அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் விரித்துக் காட்ட வேண்டும். மடிப்பதற்கும் விரிப்பதற்கும் உலகத்தில் பல வழிகள் உண்டு. நிறைய வழிகளுக்கு யாராவது ஒரு சொந்தக்காரர் இருப்பார், அவருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். உலகம்மாளும் பல நாடுகளில் இருந்த அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து செய்துகொண்டிருந்த வடிவத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதில் தன் பங்காக ஒன்றை வைக்க வருகிறவர், இதற்காக எந்நாளும் கட்டணம் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வைக்க வேண்டும். விதி என்று இருந்தது அது ஒன்றுதான்.

முதலில் அந்த வடிவத்தை யாரும் சீந்தவில்லை. பிறகு ஒரு பிரவுசர் எடுத்துக்கொண்டது. ரொம்பக் காலம் கழித்து இன்னொன்று. புதிதாக ஒரு பிரவுசரில் வீடியோ ஓடிவிட்டால் மாடியில் இருக்கிற எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நிற்பார்கள். யாருக்காக நிற்கிறோம் என்று ஒருவரும் சொன்னதில்லை. கீழே பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அங்கே பாடம் கேட்டவர்களில் ஒருவர் ஆவுடையப்பன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். வந்ததற்குக் காரணம் அவர் மனைவி செண்பகம். செண்பகத்துக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் தங்கைக்கும் அப்படித்தான். தங்கை மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவில் குடியிருந்தாள். அக்காளும் தங்கையும் போனில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கையால் பேசுவார்கள். மலையில் சிக்னல் மெலிந்தால் முகம் தெரியும், சுவர் தெரியும், வேகமாக அசைகிற விரல்கள் மட்டும் மெழுகு மாதிரி உருகிப்போகும். பாதிப் பேச்சில் இருவரும் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆவுடையப்பனுக்கு அது தாங்கவில்லை.

வந்தவர் கடைசியில் விரலைப் பிடித்துவிட்டார். வேகமாக அசையும் சின்னப் பொருளின் ஓரம் கலையாமல் போய்ச் சேர ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பிரவுசரிலும் ஓட்டிச் சோதிக்கிற வேலை தஸ்லிமாவுடையது. அவள் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க வழியில எல்லாம் சுருங்குதே. இந்தத் தொப்பையையும் ஒரு தடவை போட்டுப் பாக்கக் கூடாதா?" என்றாள். அது ஒரிஜினல் ஃபைல், அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அவர் பதில் சொன்னார்.

செண்பகத்தின் தங்கை ஊருக்கு வந்திருந்த சமயம், சோதித்துப் பார்க்கட்டும் என்று அக்காள் தங்கை இருவர் போனிலும் அவர் வழியோடு சேர்ந்த புது வடிவத்தைத் தஸ்லிமாவே ஏற்றி அனுப்பினாள்.

வடிவத்தை முடிக்கிற நாள் வந்தது. பெரிய பிரவுசர்கள் எல்லாமே அதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தன. அன்று சாயங்காலத்துக்குள் வைத்ததுதான் உள்ளே, அப்புறம் கதவைச் சாத்திவிடுவார்கள். அன்று மத்தியானம் பார்த்து ஆவுடையப்பனுக்கு ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. உங்கள் வழியை எங்களுக்குக் கொடுங்கள், உங்கள் பெயரிலேயே காப்புரிமை எடுக்கிறோம், பயன்படுத்துகிறவர்கள் கட்டணம் கட்டட்டும், ஆனால் அந்த இலவச வடிவத்தில் அது இருக்கக் கூடாது என்றார்கள். யோசித்து வையுங்கள், திரும்பக் கூப்பிடுகிறோம் என்றும் சொன்னார்கள்.

அவர் நேரே ஆசிரியையிடம் வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"என்னோட வழியை இதுல வச்சா, என் பேரு எங்க தெரியும்?"

"எங்கயும் தெரியாது."

"வீடியோ பாக்குறவனுக்குமா?"

"அவனுக்கு வீடியோ தெரியும்."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. பேராசை பிடித்துக் கேட்கவில்லை என்றார். வேலை பார்த்த காலம் முழுக்க ஊரார் பேச்சுக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தேன், இழுத்தது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது, அதில் எனக்கு வருத்தமும் கிடையாது என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"இது ஒண்ணுதான் டீச்சர் என்னோடது."

உங்களுடையது என்றால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றார் உலகம்மாள்.

"அதுக்கு முன்னால, உங்களோடதை மட்டும் ஒரு தடவை பாத்துருவமா?"

அந்த மாடியில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வைத்ததில் குறை இருக்கிறதா என்று பார்க்க, மற்றவர்கள் வைத்ததை எல்லாம் மூடிவிட்டு, அதை மட்டும் ஓடவிடுவார்கள். ஆவுடையப்பனும் பலமுறை செய்ததுதான். எப்போதும் பேருந்து நிலையத்தில் எடுத்த ஒரு வீடியோவை வைத்துச் செய்வார். இன்றைக்கு அது வேண்டாம், செண்பகம் அக்கா வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று உலகம்மாள் கேட்டார்.

இருந்தது. சற்று முன்புதான் செண்பகம் அனுப்பியிருந்தாள். கம்பெனிக்காரர் பேச்சில் அவர் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தஸ்லிமா அதை வாங்கிப் புது வடிவத்தில் மடித்தாள். மற்றதை எல்லாம் மூடினாள். ஓடவிட்டாள்.

திரை முழுக்கச் சாம்பல் நிறம். ஆள் இல்லை, சுவர் இல்லை. அந்தச் சாம்பலுக்குள் எங்கேயோ ஒரு மெல்லிய கோடு எழும், வளையும், மறையும். வேறு இடத்தில் இன்னொன்று. விரலின் ஓரம் என்று தெரிந்தவருக்குத் தெரியும்.

"அழகா இருக்கு அண்ணாச்சி," என்றார் உலகம்மாள். "என்ன சொல்லுதாங்க?"

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். மறுபடி ஓடவிடச் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கைகளை வாசித்து வருகிறவர் அவர். கரண்ட் போன வீட்டில் தீக்குச்சி வெளிச்சத்தில்கூட வாசித்திருக்கிறார்.

"தெரியலையே டீச்சர்."

"எது இருந்தா தெரியும்?"

"முதல் படம் வேணும்."

தஸ்லிமா ஒன்றைத் திறந்தாள். செண்பகத்தின் முகம் வந்தது, பின்னால் அடுப்படிச் சுவரும் வந்தது. வீடியோவின் முதல் படத்தை முழுதாக மடித்து வைக்கிற வழி, நாம் இங்கே சேர்வதற்கு முன்பே யாரோ வைத்துவிட்டுப் போனது என்றார் உலகம்மாள். ஆனால் முகம் சிலை மாதிரி நின்றது. கை ஓரிடத்தில் இருக்க, கோடுகள் வேறிடத்தில் அலைந்தன.

"அசைவும் வேணும்," என்றார் அவர்.

"அதை வச்சவரு இப்ப இல்லை அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எழுதிக் குடுத்து அனுப்புனாரு."

அதுவும் திறந்தது. கை எழுந்தது. நிறம் மட்டும் இல்லை. வளையல் என்ன நிறம் என்று நினைவிருக்கிறதா அல்லது பார்த்துச் சொல்கிறீர்களா என்று தஸ்லிமா கிண்டலாகக் கேட்டுக்கொண்டே கடைசியாக இருந்ததையும் திறந்தாள். வியட்நாமில் ஒரு பெண் வைத்தது அது. மாடியில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பச்சை வளையல்கள் பச்சையாயின.

செண்பகம் பேசினாள். ஆவுடையப்பன் அவள் கையைப் பார்த்து, மெதுவாக, வாய்விட்டுச் சொன்னார்.

"தங்கச்சி இன்னிக்குக் கடைசி வரைக்கும் பேசுனா. ஒரு விரலும் உருகலை. அவ மாமியாரைப் பத்தி ஆரம்பிச்சதை இன்னிக்குத்தான் முடிச்சா. இதைச் செஞ்சவுகளுக்கு நன்றி சொல்லச் சொல்லுதா. யாருன்னு கேக்கா. நான் யார் பேரைச் சொல்ல?"

அதோடு வீடியோ முடிந்தது. செண்பகம் புருவத்தைத் தூக்கிக் கேட்டபடியே திரையில் நின்றாள்.

"அண்ணாச்சி பேரைச் சொல்லிருங்க," என்றாள் தஸ்லிமா. "வீட்டுல மரியாதை கூடும்."

நின்ற படத்தையே ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். முகம், சுவர், வளையல் என்று அவர் கண் ஒவ்வொன்றாகப் போய் வந்தது.

போன் அடித்தது. எடுத்து, நீங்கள் கூப்பிட்டதே பெரிய சந்தோஷம் என்று கம்பெனிக்காரரிடம் மரியாதையாகச் சொன்னார். பிறகு, இல்லை ஐயா, கொடுக்க எனக்கு உரிமை இல்லாத மாதிரி இருக்கிறது என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். கோபமெல்லாம் இல்லை ஐயா என்றார். வைத்துவிட்டார்.

கட்டணம் கேட்க மாட்டேன் என்று எழுதினார். தன் வழியை அதனோடு சேர்த்து அனுப்பினார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தபோது தஸ்லிமா முதலில் எழுந்தாள். அறையில் இருந்த மற்றவர்களும் எழுந்தார்கள். உலகம்மாளும் எழுந்தார். ஆவுடையப்பன் கடைசியாக எழுந்து, இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. கீழே யாரோ ஒரு குடத்தைத் தட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை. ஆசிரியை பக்கத்தில் வந்தார்.

"பேரு தெரியாத ஆளுக. ஒருத்தர் உசுரோடவே இல்லை. இத்தனை பேருக்கும் நான் எப்படி டீச்சர் நன்றி சொல்லுவேன்?"

உலகம்மாள் சொன்னார்:

"இப்பதானே அனுப்புனீங்க, அண்ணாச்சி."