பதினோரு கிண்ணங்கள்

“டீச்சர், இது ஏன் தட்டையா உட்கார மாட்டேங்குது?”

ஏசுவடியான் கேட்டார். அவர் உள்ளங்கையில் நீல நூலில் பின்னிய ஒரு சின்ன வட்டம். காபி டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டராக வரவேண்டியது. ஓரம் தூக்கிக்கொண்டு கிண்ணமாக நின்றது.

ரத்னபாய் டீச்சர் அவருடைய மனைவி. முப்பத்தோரு வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஊரே டீச்சர் என்றதால் அவருக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

“எத்தனை கண்ணி போட்டீங்க?”

“முதல் சுற்று ஆறு. அப்புறம் பன்னிரண்டு. அப்புறம் பதினெட்டு.”

“நாலாவது?”

“அதுவும் பதினெட்டு.”

“இருபத்துநாலு வரணும். சுற்றுக்கு ஆறு கூட்டணும். கூட்டலேன்னா வட்டம் எங்கே போகும்? மேலேதான் ஏறும்.”

“மறந்துட்டேன்.”

“குலசேகரம் பஸ் ரூட்டிலே எத்தனை வளைவுன்னு தூக்கத்திலே கேட்டாலும் சொல்வீங்க. ஆறு கூட்டறது மட்டும் மறந்துபோகுதா?”

மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டார்.

ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, டீச்சரின் வலது கை மடியில் விழுந்தது. பிறகு எழவில்லை.

“கைக்கே ஆசை வரணும். அவங்களுக்குப் பிடிச்ச வேலையைக் கண் முன்னாலே செய்யுங்க” என்றார் டாக்டர்.

அப்போது அவருக்கு ஒரு ஜன்னல் ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் அவர் ஓட்டிய பஸ் பள்ளிக்கூட ஸ்டாப்பில் மூன்று நிமிடம் நிற்கும். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் தையல் வகுப்பு தெரியும். யாராவது ஒரு பெண் கண்ணியைத் தவறவிட்டு விழித்தால், அப்போது புது டீச்சரான ரத்னபாய்க்குப் பொறுக்காது. வலது கை நீளும், ஊசியைப் பறிக்கும், சரிசெய்து திருப்பிக் கொடுத்துவிடும். கண் இமைப்பதற்குள் முடிந்துபோகும்.

அவர் இமைக்காமல் பார்ப்பார். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தும் வண்டி நகராது.

“அண்ணே, அந்த டீச்சர் என்ன, சிவப்பு சிக்னலா?”

அந்தக் கை தப்பைக் கண்டால் இன்றும் பொறுக்காது என்று ஏசுவடியான் நம்பினார். அதனால் நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசி வாங்கினார். மனைவிக்கு மாணவனானார். பின்னப் படித்தார். படித்த பிறகு தப்பாகப் பின்னினார்.

“டிரைவர் அண்ணே, கிண்ணக் கடை எப்போ திறப்பு?” என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு அல்போன்சாள் கேட்டாள்.

டீச்சரின் வலது கை மட்டும் அசையவில்லை.

“இதுவரை போட்டதை எல்லாம் எடுத்துட்டு வாங்க” என்றார் டீச்சர்.

கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கையிலிருந்ததோடு பதினொன்று.

டீச்சர் இடது கையால் ஒன்றை எடுத்தார். இன்னொன்றுக்குள் வைத்தார். அது அடங்கியது. அதற்குள் மற்றொன்று. அதுவும் அடங்கியது. எட்டு கிண்ணங்கள் டம்ளர் அடுக்குப் போல ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன.

மூன்று மட்டும் எதற்குள்ளும் போகவில்லை. ஒன்று கோணல். ஒன்று நீளம். ஒன்று ஓரமெல்லாம் அலை.

“இந்த மூணும் முதல்லே போட்டது.”

“ஆமா.”

“கத்துக்கிறவன் தப்பு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது.” டீச்சர் அடுக்கைத் தட்டினார். “இது நல்லாத் தெரிஞ்சவன் வேலை.”

ஏசுவடியான் தலை குனிந்தார்.

“எதுக்குங்க?”

“தப்பைப் பொறுக்காம நீ ஊசியைப் பறிப்பேன்னு நினைச்சேன்.”

“எந்தக் கையாலே?”

ஏசுவடியான் அவள் மடியைப் பார்த்தார்.

“அது இனி வராது. மூணு மாசமா எனக்குத் தெரியும்.”

“ஏன் சொல்லலே?”

“நீங்க அவ்வளவு ஆசையாப் பின்னிக்கிட்டிருந்தீங்க.”

முற்றத்தில் ஒரு காய்ந்த தென்னோலை விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் இடது கையால் வலது கையைத் தூக்கினார். மேஜைமேல் கொண்டுவந்து, நூலின் நுனியில் வைத்தார்.

“என்ன செய்யறே?”

“சும்மாதானே கிடக்கு. நூல் ஓடாம அமுக்கிக்கிட்டாவது இருக்கட்டும்.”

இடது கையில் ஊசியை எடுத்தார். அது நழுவி விழுந்தது. ஏசுவடியானின் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் தாமே எடுத்தார். நூலை ஊசியில் மாட்டப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

“ஏங்க, இடது கையிலே எல்லாம் தலைகீழா இருக்கு. எந்தப் பக்கமாச் சுத்தணும்? நிஜமாவே தெரியலே.”

ஏசுவடியான் யோசித்தார். பக்கத்தில் கிடந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். அவர் வலது கைக்கு நேரே அவளுடைய இடது கை, கண்ணாடியில் பார்ப்பதுபோல.

“என் கையைப் பார்த்துக்கிட்டே போடு” என்றார்.

“மெதுவாப் போடுங்க” என்றார் டீச்சர். “நான் புதுசு.”