தோற்றவர் கழுத்து மாலை

வாதத்தில் தோற்கிறவரின் கழுத்து மாலை வாடிப்போவது கலைமகளின் திருவிளையாடல் என்று நன்றாகப் படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவதற்கில்லை. கலைமகளுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. தோற்கப்போகிறவருக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் உடம்பு கொதிக்கிறது, மூச்சு சுடுகிறது, பூ வாடுகிறது. அவ்வளவுதான்.

செங்காட்டூரில் ஊர் வழக்குகளை இந்த முறையில்தான் தீர்த்துவந்தார்கள். ஒரே கூடைப் பூவில் ஒரே கை கட்டிய இரண்டு மாலைகள். எவர் மாலை முதலில் வாடுகிறதோ அவருடைய கட்சி தோற்றது.

அந்த ஆண்டு வந்த வழக்கு பெரியது. ஊருக்குக் கீழே பள்ளத்தில் முந்நூறு செங்கல் சூளைகள். மேட்டில் மல்லிகைத் தோட்டங்கள். கோடை வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனதில் மொட்டுகள் செடியிலேயே கருகின. சூளைகளால்தான் இந்தச் சூடு என்றார்கள் தோட்டக்காரர்கள். வானம் காய்ந்தால் மனிதன் என்ன செய்வான் என்றார்கள் சூளைக்காரர்கள். சூளைக் கட்சி சொல்வதே சரி என்றானால் மலைமேல் இருக்கும் சுனைக்காட்டை அவர்கள் விறகுக்கு வெட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் காட்டைத் தொடக் கூடாது, சூளைகளில் பாதியை அணைத்துவிட வேண்டும்.

தோட்டக்காரர்கள் மலை மடத்துக்குப் போய் குரு உலகம்மையிடம் முறையிட்டார்கள்.

"சுடலைக்கண்ணு அண்ணாச்சி வந்து பேசுவாரு" என்றார் உலகம்மை.

பக்கத்தில் நின்ற சுடலைக்கண்ணு இரண்டடி பின்வாங்கினார். அவர் உலகம்மையின் சீடர். வயதில் குருவைவிடப் பதினெட்டு மூத்தவர். இருபத்தேழு வருஷம் சூளையில் விறகு தள்ளிவிட்டு, கோபத்தைக் குறைத்துக்கொள்ள மடத்துக்கு வந்தவர். வந்து ஆறு வருஷமாகிறது. போன வாரம்தான் உப்புக் கூடிப்போன ரசத்தைச் சட்டியோடு கிணற்றில் போட்டிருந்தார்.

"அம்மை, நம்ம மடத்துப் பய நம்பிராசனை அனுப்புங்க. அவன் கன்னத்துல அறைஞ்சாலும் சிரிப்பான்."

"நீங்க போங்க அண்ணாச்சி."

"நான் வாயத் திறக்கதுக்குள்ள மாலை வாடிரும்!"

"சூளையைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்?"

"தெரிஞ்சதாலதான கோவம் வருது."

"நல்லது" என்று சொல்லிவிட்டு உலகம்மை முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

சூளைக்காரர்கள் தலைநகரத்திலிருந்து பண்டிதர் ஆனந்தகூத்தரை வரவழைத்திருந்தார்கள். நாற்பது வாதங்களில் தோற்காதவர். அவர் கழற்றிய மாலையை மறுநாள் கல்யாண வீட்டுக்கு விற்கலாம் என்று சொல்வார்கள்.

வெயில் படாத மண்டபத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் தீர்ப்புச் சொல்ல மணியக்காரர் வேலப்பர், கையில் ஏடும் எழுத்தாணியும்.

"வெயில் நேற்றுப் பிறந்ததா?" என்று பண்டிதர் இதமாகத் தொடங்கினார். "முப்பாட்டன் காலத்தில் பஞ்சம் வரவில்லையா? அன்று இங்கே சூளை இருந்ததா? வானம் எவ்வளவு பெரியது, மனிதன் எவ்வளவு சிறியவன்! அவன் சூட்டால் காற்றுக்கு ஒன்றும் ஆகிவிடாது. நான் சொல்வது பணிவு. நீர் சொல்வது ஆணவம்."

சுடலைக்கண்ணு நிதானமாகத்தான் ஆரம்பித்தார். "ஒரு சூளைக்கு முப்பது வண்டி விறகு. பத்து நாள் அணையாம எரியும்..."

"விறகு தள்ளுகிறவர் வானத்தை அளக்கிறார்" என்றார் பண்டிதர், கூட்டத்தைப் பார்த்து.

கூட்டம் சிரித்தது. சுடலைக்கண்ணுவின் காது மடல்கள் சிவந்தன. அதற்குப் பிறகு என்ன கத்தினோம் என்று அவருக்கே நினைவில்லை. குனிந்து பார்த்தபோது மாலையின் ஓரம் பழுப்பேறியிருந்தது. ஒரு பூ மடியில் விழுந்தது. சுனைக்காடு மொத்தமும் தன் மடியில் சாய்ந்ததுபோல் இருந்தது அவருக்கு.

வேலப்பர் கையை உயர்த்தினார். சூளைக்காரர்கள் மேளம் கொட்டினார்கள்.

தோட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்த உலகம்மை மேளம் ஓயும்வரை காத்திருந்து எழுந்தார்.

"பண்டிதரே, ஒரு சந்தேகம். அண்ணாச்சி மாலை எதனால வாடிச்சு?"

"அவருடைய கோபத்தால். உடம்புச் சூட்டால்."

"வெயிலா இருக்காதா?"

"வெயில் இருவருக்கும் ஒன்றுதானே அம்மா?"

"பூவுல ஏதும் வித்தியாசம்?"

"ஒரே கூடைப் பூ."

"காத்து?"

"ஒரே மண்டபம்!" பண்டிதருக்கு அலுப்பு வந்துவிட்டது. "மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கிறது. மனிதன் மட்டும் வேறு. ஆகவே மனிதன்தான் காரணம். இது பாலபாடம்."

"மணியக்காரரே, எழுதிக்கிட்டீங்களா?"

வேலப்பரின் எழுத்தாணி நின்றது. பண்டிதர் உயர்த்திய விரல் உயர்த்தியபடியே நின்றது.

"பூ என்றால் சாயங்காலம் வாடத்தான் செய்யும்" என்றார் பண்டிதர் அவசரமாக. "அது இயற்கை."

"அப்படின்னா அண்ணாச்சி தோக்கல. இன்னொரு மாலை கொண்டாங்க."

ஜெயம் கைநழுவுவதைப் பொறுக்காமல் பின்வரிசையிலிருந்து ஒரு சூளைக்காரர் துள்ளி எழுந்தார். "தானா வாடுற பூ ஒரு நாழிகையிலயா வாடும்? அவரு சூடுதான்யா! நாங்க எல்லாரும் சாட்சி!"

பக்கத்தில் இருந்தவர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அதற்குள் மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

அப்போதுதான் சுடலைக்கண்ணுவுக்குப் புரிந்தது. வாடிய மாலையைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"ஒத்தை ஆளு! கையில கொள்ளிக்கட்டைகூட இல்ல! ஒரு நாழிகையில ஒரு மாலை! அங்க முந்நூறு சூளை, ராவும் பகலுமா, அறுவது வருசம்!"

கோபப்பட இப்போது தடை ஏதும் இல்லை. ஆசை தீரக் கத்தினார். தோட்டக்காரர்கள் எழுந்து நின்று அவரோடு சேர்ந்து கத்தினார்கள். நாற்பத்தோராவது வாதத்தில் பண்டிதர் ஆனந்தகூத்தர் முதல்முறையாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வேலப்பர் தான் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மாலைப்படி ஜெயித்தவர் பண்டிதர். ஜெயித்தவர் வாய்மொழிப்படி தோட்டக்காரர்கள் சொன்னதே சரி. சுனைக்காட்டில் கோடாலி படக் கூடாது. நூற்றைம்பது சூளைகளை அணையுங்கள்."

செங்காட்டூர் வரலாற்றில் வாதத்தில் தோற்ற ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நான்கு வீதியும் சுற்றியது அன்று மட்டும்தான்.

மடத்துக்கு மலை ஏறும்போது பாதி வழியில் சுடலைக்கண்ணு நின்றுவிட்டார்.

"அம்மை, நான் தோத்துருவேன்னு தெரிஞ்சேதான் அனுப்புனீங்களா?"

"ஆமா."

"நம்பிராசன் போயிருந்தா நேராவே ஜெயிச்சிருப்பானே?"

"ஜெயிச்சிருப்பான் அண்ணாச்சி. நிரூபிச்சிருக்க மாட்டான்."

அடுத்த மாதம் சூளைக்காரர்கள் ஊர்ச்சபையில் ஒரு மனு கொடுத்தார்கள். இப்போது செங்காட்டூரில் வாத மாலைகளைத் துணிப்பூவால் கட்டுகிறார்கள்.