மண் அடைத்த துளை

இருட்டிய நேரம். மலைக் குடிலுக்குப் பின்னாலிருந்து கர்... கர்... என்று ஒரு சத்தம். ஆள் மூச்சு வாங்குகிற மாதிரி விட்டு விட்டு வந்தது.

ரம்பம் என்று புரிந்ததும் சிவநேசர் பாயை உதறி எழுந்தார்.

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர் அவர். அவருடைய குரு பொன்னுத்தாய்க்கு முப்பதுகூட ஆகவில்லை, கைக்குழந்தைக்காரி. மகள் வயதுக்காரியிடம் ஞானப் பாடம் கேட்கிறாரே என்று ஊர் சிரித்தது. அவள் குடிலின் கதவைத் தாழிடும் வழக்கமே இல்லை. பின்னால் நின்றது, அந்த மலையில் மிஞ்சியிருந்த ஒரே சந்தன மரம்.

வெளியே பாயப் போனவரை அவள் கையமர்த்தினாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மரம் சாயும்வரை இருவரும் உள்ளேயே இருந்தார்கள்.

விடிந்தபோது முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் நின்றது. பக்கத்தில், என்றோ விழுந்த பலாமரத்தில் விசிறி விசிறியாகக் காளான். அசிங்கமென்று சிவநேசர் சுரண்டி எறிவார். அது திரும்ப முளைக்கும். இன்று அதில் ஒரு கீறல் இல்லை.

"செத்த மரத்தைத் தின்கிற காளான் பிழைச்சுக் கிடக்கு. இதுக்குப் போய் ஏம்மா இந்தக் கதி?"

பொன்னுத்தாய் குனிந்து, அடிக்கட்டையிலிருந்து காய்ந்த மண் உருண்டை ஒன்றை நெம்பி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதில் அவருடைய கட்டைவிரல் ரேகை.

போன வெள்ளிக்கிழமை வந்த நாலு பேர், வாசனையே இல்லாத மரத்தைச் சந்தனம் என்று கதை விடுகிறீர்களா என்று கேலி பேசினார்கள். ரோஷம் தாங்காமல் சிவநேசர் உளியால் குடைந்து தூளை முகரக் கொடுத்தார். மூன்று பேர் முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார்கள். நாலாமவன் மட்டும் மரத்தைக் கட்டிப்பிடித்துப் பருமன் பார்த்தான். துளையை மண்ணால் அடைத்தவர் குருவிடம் மூச்சு விடவில்லை.

தலையைத் தொங்கப்போட்டபடி முனகினார். "காளானுக்கு வாசனை இல்லை. தப்பிச்சிருச்சு."

"மரத்துக்கும்தான் இல்லை, வாத்தியாரே. குடைஞ்சு காட்டுற வரைக்கும்."

அன்று அவர் சோறு தொடவில்லை. பொழுது சாய்ந்ததும் மூட்டையோடு வாசலில் நின்றார். ஊருக்கே திரும்பிப் போய்விட எண்ணம்.

உள்ளிருந்து குரல் வந்தது.

"வந்தவனுக்கு இப்ப வழி தெரியும். பிள்ளை தூங்குது. உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போடுங்க."

துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் நகரவில்லை. சிவநேசர் இரண்டு கையாலும் தள்ளினார்.