அச்சாரமாகப் போன வேர்ப்பலா

மலையடிக் காட்டில் ஈட்டியப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். அவன் வழியில் வந்தால் போதும், மான் ஒதுங்கும், மரநாய் மரமேறும், சிறுத்தைகூட மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கும். இத்தனைக்கும் அவன் யாரையும் குத்தப் போனவன் இல்லை. முதுகில் முள் இருக்கிறது, அதற்கு அவன் என்ன செய்வான்?

அப்படிப்பட்டவனை நோக்கி ஒரு காலையில் ஒரு நாய்க்குட்டி ஓடி வந்தது!

ஓடையோரப் புதரில் செம்பி என்ற நாய் குட்டி போட்டிருந்தாள். பால் மறந்ததும் குட்டிகளை நல்ல இடமாகப் பார்த்து அனுப்புவது அவள் வழக்கம். மற்றவற்றுக்கெல்லாம் இடம் அமைந்துவிட்டது. கடைக்குட்டி மட்டும் மிச்சம். வெள்ளைப் பாதம், ஒரு பக்கம் மடிந்த காது, ஓயாத வால். அதுதான் குடுகுடுவென்று ஓடி வந்து ஈட்டியப்பனின் மூக்கை நக்கிவிட்டது.

ஈட்டியப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முள்ளும் சேர்ந்து சிலிர்த்தது.

செம்பி பதறிப்போய்க் குட்டியைப் பிடரியில் கவ்வி இழுத்துக்கொண்டாள்.

“அம்மிணி! இந்தக் குட்டி எனக்கு வேணும்!” என்று குதித்தான் ஈட்டியப்பன்.

“அண்ணா, இது தாவற குட்டிங்க. யாரக் கண்டாலும் மேல ஏறும். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”

“கேக்கறதுக்கு என்ன இருக்குது? என்னையப் பாத்து ஓடி வந்துச்சு, பாத்தியா? என்னையப் பாத்து!”

“இன்னும் பால் மறக்கலீங்க. அவசரம் ஒண்ணுமில்ல.”

“அதுக்குள்ள வேற யாராச்சும் கொண்டுபோயிட்டா? முடியாது, முடியாது! அச்சாரம் குடுத்துப்போடறேன். என் வேர்ப்பலா இருக்குதல்ல, அதையே தர்றேன்!”

செம்பி வாயைப் பிளந்தாள். ஈட்டியப்பனின் வளைக்கு வெளியே நிற்கும் பலாமரத்தில், வேரோடு ஒட்டி, அந்த வருஷம் ஒரே ஒரு பழம் பிடித்திருந்தது. பிஞ்சிலிருந்து அவன் அதற்குக் காவல் கிடந்தான். பக்கத்தில் எறும்பு போனால்கூட ‘யார் அது?’ என்று அதட்டுவான். அந்தப் பழத்தையா தருகிறான்?

“நல்லா யோசிச்சுக்குங்க அண்ணா. அச்சாரம் வாங்கிட்டா வேற யார் வந்து கேட்டாலும் நான் குட்டியத் தரமாட்டேன். நாளைக்கு நீங்களே வேண்டாம்னு சொன்னாலும் அச்சாரம் திரும்பாது. சம்மதமா?”

“சம்மதம்! சம்மதம்! நூறு தரம் சம்மதம்!”

சொன்ன கையோடு பழத்தைக் காம்போடு கடித்து, நெற்றியால் உருட்டிக்கொண்டு வந்து, செம்பியின் புதரில் சேர்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

வீட்டுக்குப் போனால், மனைவி வேலாத்தாள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்புள்ள, நம்ம வீட்டுக்கு நாய்க்குட்டி வருது!”

“நாய்க்குட்டியா!” கிழங்கை அப்படியே போட்டுவிட்டாள் வேலாத்தாள். “நெசமாவாங்க? எப்ப வருது? என்ன நெறம்?”

“பாதம் வெள்ளை! காது மடிப்பு! என் மூக்க நக்குச்சு புள்ள!”

இருவரும் வளையைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். குட்டிக்கு என்ன தீனி போடுவது, என்ன பெயர் வைப்பது, எல்லாம் பேசித் தீர்த்தார்கள்.

“படுக்கறதுக்கு வேற எடமே வேண்டாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல சுருண்டு படுத்துக்கட்டும்!” என்றாள் வேலாத்தாள்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. இருவரும் தங்கள் படுக்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முள் ஒருவரைக் குத்தாமலிருக்க அவன் அந்த மூலையிலும் இவள் இந்த மூலையிலும் படுப்பதுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து வழக்கம்.

வேலாத்தாள் பழுத்த சீத்தாப்பழம் ஒன்றை எடுத்து, மெல்ல, மிக மெல்ல, புருஷன் முதுகில் போட்டாள். பழம் சதக்கென்று முள்ளில் ஏறி நின்றது.

“அய்யோ, குட்டி!” என்றான் ஈட்டியப்பன்.

“போய் உள்ளதச் சொல்லிப்போட்டு வாங்க. இப்பவே போங்க,” என்றாள் வேலாத்தாள்.

அவன் போனானா? போகவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று வெட்கப்பட்டுக்கொண்டு வளைக்குள்ளேயே கிடந்தான். மழைமேகம் திரண்டபோதுதான் கிளம்பினான். கிளம்பும்போது மனத்தில் ஒரு தந்திரமும் முளைத்தது. ‘என் முதுகுதான் தடை என்று சொன்னால் தப்பு என்னுடையது. பழம் வராது. குட்டியின் மேல் குறை சொன்னால்? பழமும் வரும், மானமும் தப்பும்!’

செம்பி இப்போது ஓடையோரத்தில் இல்லை. மேட்டுக் குகை வாசலில் குட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கண்ணா! குட்டி பால் மறந்துடுச்சு. கூட்டிட்டுப் போக வந்தீங்களா?”

“அது இருக்கட்டும் அம்மிணி. குட்டிக்கு ஒரு காது மடிஞ்சிருக்குது!”

“அச்சாரம் குடுத்தன்னிக்கும் மடிஞ்சுதானுங்க இருந்துச்சு.”

“பாதம் வேற வெள்ளை. சேத்துல அழுக்காயிரும்!”

“கழுவினா போயிருமுங்க.”

“எந்நேரமும் குரைக்குதாமே!”

“நாய் வேற என்னங்க பண்ணும்?”

ஈட்டியப்பனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. “எனக்கு இந்தக் குட்டி வேண்டாம்! என் பழத்தக் குடு!” என்று கத்தினான்.

செம்பியின் முகம் மாறியது. “பழம் எங்கிட்ட இல்லீங்க. இது கரடியாரோட குகை. மழைக்கு ஒதுங்க எடம் கேட்டேன். பலாப்பழம் தந்தா இருந்துக்கோன்னார். அச்சாரத்த அவருக்குக் குடுத்துட்டேன். நேத்து ஆமையார் வந்து குட்டியக் கேட்டார். பேசி முடிச்சாச்சுன்னு அவரையும் திருப்பி அனுப்பிட்டேன். எல்லாம் உங்க வார்த்தைய நம்பித்தானுங்க. இப்ப என் குட்டிக்கு வேற எடம் எங்க தேடுவேன்?”

அப்போது குகைக்குள்ளிருந்து ‘டமார்’ என்று ஒரு சத்தம்! பலாப்பழம் பிளந்த சத்தம்! மணம் குபீரென்று வெளியே வந்து ஈட்டியப்பனின் மூக்கில் மோதியது.

“அடடா! இதுக்கு முன்னால தேன் எல்லாம் சும்மா!” என்று உள்ளேயிருந்து கரடியாரின் குரல் கேட்டது.

அந்த ஒரு வார்த்தையில் ஈட்டியப்பனின் புத்தி கெட்டுவிட்டது. “அப்படியா? அப்ப குட்டியக் குடு! பழத்தையும் விட்டுப்போட்டு வெறுங்கையோட போறதுக்கு நான் என்ன ஏமாளியா? அச்சாரத்துக்கு ஈடா இழுத்துட்டே போறேன்!”

குட்டிக்கு மற்றதெல்லாம் விளங்கவில்லை. அவன் தன்னைக் கூப்பிடுகிறான் என்று மட்டும் விளங்கியது. வாலைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தது! ஒரே தாவல்!

ஈட்டியப்பன் சட்டென்று விலகினான். ஆனாலும் ஒரு முள் குட்டியின் மூக்கில் பட்டுவிட்டது. ‘வீல்!’ என்று அலறியது குட்டி. பாதத்தால் மூக்கைத் தேய்த்தது. ஒரு தும்மல் போட்டது. அப்புறம் ஈட்டியப்பனை நிமிர்ந்து பார்த்து, வாலை ஆட்டிக்கொண்டு, மறுபடியும் அவனிடமே ஓடி வந்தது!

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பின்னாலிருந்த பாறையில் தடதடவென்று ஏறி நின்றுகொண்டான்.

“வராதே! வராதே கண்ணு! அம்மிணி, புடி அதை!”

செம்பி ஓடிவந்து குட்டியைக் கவ்விக்கொண்டாள். ஈட்டியப்பனின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

“குட்டி மேல ஒரு குறையும் இல்ல அம்மிணி. நான் சொன்னது பூராம் பொய்! என் முதுகு எப்படின்னு நெனச்சுப் பாக்காம அச்சாரம் குடுத்துப்போட்டேன். பழம் போனாப் போவுது. குட்டி நல்லா இருக்கட்டும்!”

“இத வந்ததும் சொல்லியிருந்தீங்கன்னா, இதோட மூக்காவது தப்பிச்சிருக்குமுங்க,” என்றாள் செம்பி. குட்டியின் மூக்கை நக்கிக் கொடுத்துவிட்டு, “அச்சாரம் திரும்பாது அண்ணா. ஆமையாரையாவது திருப்பிக் கூட்டிட்டு வாங்க. மழை எறங்கறதுக்குள்ள இதுக்கு ஒரு எடம் வேணும்,” என்றாள்.

ஈட்டியப்பன் எடுத்தான் ஓட்டம்! முள்ளெல்லாம் சலசலக்க, மேட்டிலிருந்து இறங்கி ஓடினான். நல்ல வேளை! நேற்றுப் புறப்பட்ட ஆமையார் இன்னும் ஓடையைக்கூடத் தாண்டவில்லை.

“ஆமையாரே! ஆமையாரே! குட்டி உங்களுக்குத்தான்! திரும்புங்க!”

“திரும்பறதா?” ஆமையார் கழுத்தை மெதுவாக வெளியே நீட்டினார். “இவ்வளவு தூரம் வந்துட்டேனேப்பா!”

“கெஞ்சிக் கேக்கறேன், திரும்புங்க!”

“திரும்பத்தான் வேணும். நான் கவுந்து விழுந்தா நிமித்திவிட ஓர் ஆள் இல்ல. அதுக்குத்தான் துணை தேடினேன்.”

ஆமையார் ஒரு பக்கமாகத் திரும்பி முடிப்பதற்குள் ஈட்டியப்பனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பொறுக்க முடியாமல் பின்னாலிருந்து மூக்கால் தள்ளினான். மேடு ஏறும்வரை தள்ளினான். மூக்குத் தோல் உரிந்தும் விடவில்லை.

குட்டி ஆமையாரைக் கண்டதும் தாவி ஓட்டின்மேல் ஏறியது. சர்ரென்று வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது. ஆமையார், “ஏறு, ஏறு! இன்னொரு தரம் ஏறு!” என்று சிரித்தார். செம்பியும் சிரித்தாள். ஈட்டியப்பன் தள்ளியே நின்று பார்த்தான்.

அவன் வீடு வந்து சேர்ந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றிருந்த வேலாத்தாள் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தாள்.

“என்னங்க, எங்கியோ பலாப்பழம் வாசமடிக்குதே!”

“நம்ம பழந்தான் புள்ள.”

“பழம் எங்கங்க?”

“கரடியார் வயித்துல.”

“குட்டி?”

“ஆமையார் முதுகுல.”

“அப்ப நமக்கு?”

“இந்த வாசந்தான். நல்லா மூச்ச இழுத்துக்க, மழை வலுத்தா இதுவும் போயிரும்,” என்றான் ஈட்டியப்பன்.

ஆசை வந்தவுடனே அச்சாரம் கொடுத்துவிடாமல், நமக்கு ஒத்துவருமா என்று எண்ணிப் பார்த்த பிறகே வாக்குக் கொடுக்க வேண்டும். பின்வாங்கினால் போவது நம் பொருள் மட்டுமல்ல, நம்மை நம்பியவரின் வாய்ப்பும்தான்.